மூன்று முறை தட்டவும்

ஜூன் 4

அக்கா,

நானே முதலில் இறங்கி வருகிறேன். சின்னவன் இறங்கி வந்தால் ஒன்றும் குறைந்துபோகாது என்று நீதான் சொல்வாய். எட்டு மாதத்துக்கு முன் ஆசையாக வாங்கி வந்த போனை என் கண்ணெதிரே வாளித் தண்ணீரில் போட்டாயே, அந்தக் கோபம் ஆறிவிட்டது. முழுக்க இல்லை, முக்கால்வாசி. போன் வைத்துக்கொள்ளாத அக்காவுக்குத் தபால்காரர்தான் கதி என்பதால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒரு படத்துக்கு ஒலி சேர்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. நீ அக்கம்பக்கத்தில் "சினிமாவுல சத்தம் போடுறான்" என்று சொல்லிக்கொள்ளும் அதே வேலைதான். திரையில் கதாநாயகி மாடி ஏறினால், இங்கே அடைத்த அறைக்குள் பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நான் ஏறுவேன். உனக்குத் தெரியாததா?

எதைப் பற்றிய படம் என்று சொல்ல மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் சட்டைக் கம்பெனித் தீ. கம்பெனி பெயர் வராது, ஊர் பெயர் வராது. ஆனால் மூன்றாவது மாடி, வெளியே பூட்டிய கதவு, செத்துப்போன பத்தொன்பது பேர், எல்லாம் அப்படியே. கதாநாயகி யார் தெரியுமா? படிக்கட்டில் சாவியோடு உட்கார்ந்திருந்து, அலறல் கேட்டதும் பாய்ந்து கதவைத் திறந்து பதினொரு பேரைக் காப்பாற்றியவள். இயக்குநர் பழைய செய்தித்தாளை விரித்து உன் புகைப்படத்தைக் காட்டியபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், இது எங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

மற்றதை நான் சமாளித்துக்கொள்வேன். தையல் மெஷின் சத்தம், இஸ்திரிப் பெட்டியின் ஆவி, எல்லாம் பதிவு செய்தாயிற்று. கதவு மட்டும் எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து எப்படித் தட்டினார்கள்? முஷ்டியாலா, உள்ளங்கையாலா, கையில் கிடைத்ததாலா? மரமா, இரும்பா? நாலு வரி எழுதினால் போதும். நீ சொல்லாமல் என் இஷ்டத்துக்குச் சத்தம் போட எனக்கு மனசு வரவில்லை.

உன் தம்பி


ஜூன் 11

எலிக்காதுக்கு,

சின்ன வயதில் அடுத்த அறையில் நான் மிட்டாய்த் தாளைப் பிரித்தால் உனக்குக் கேட்டுவிடும் என்று வைத்த பேர். அந்தக் காதை இப்படியா பிழைப்பாக்குவாய்?

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். எரிந்து ஒன்பது வருஷம் ஆன வீட்டிலும் உங்கள் ஆட்கள் பிடுங்க வந்துவிட்டார்கள். யாரோ ஒரு நடிகை முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு இருமுவாள். சனங்கள் சோளப்பொரி தின்றுகொண்டே பார்த்துவிட்டு, இடைவேளையில் எழுந்துபோய் டீ குடிப்பார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு இடைவேளை விட்டார்களாடா? அழ வைப்பது பெரிய காரியமா? அதை வெங்காயமே செய்யும்.

போனைப் பற்றி எழுதியிருந்தாய். நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். வேலைக்குள் நுழையும்போது எல்லோர் போனையும் வாங்கி வாசலில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். அன்று தீயை அணைத்த பிறகு என்னை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்காரவைத்தார்கள். செய்தி ஊருக்குள் பரவப் பரவப் பெட்டி அடிக்க ஆரம்பித்தது. ஒன்று நின்றால் இன்னொன்று. பிறகு எல்லாம் ஒன்றாக. வாயாடியின் போன் மேலாகக் கிடந்தது. அதில் "அம்மா" என்று வந்து வந்து போனது. நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல? நீ அந்தப் புதுப் போனை என் கையில் கொடுத்து, அடிக்கிறதா பார் என்று உன் போனிலிருந்து கூப்பிட்டாய். எனக்குக் கை தானாகப் போய்விட்டது. உன்மேல் கோபமில்லை.

வாயாடியை உனக்கு நினைவிருக்கும். எனக்கு எதிர் வரிசையில் காலர் தைத்தவள். பேச ஆரம்பித்தால் மெஷினே நின்று கேட்கும் என்று கேலி செய்வோம். அவள் அம்மா இங்கே இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். "என் பொண்ணுக்குக் குடுத்து வைக்கல. ஆனா பதினொரு வீட்டுக்கு விளக்கு வச்ச கைடி இது" என்பார். உலகத்தில் இன்று எனக்கென்று வீடு தேடி வரும் ஒரே மனுஷி.

எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வருஷமாகிறது. நாற்றுப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்ததே அங்கே சுவர் இல்லை என்பதால்தான். அந்தப் படத்தை அந்தம்மா பார்க்கக் கூடாது. என்னைக் கதாநாயகி ஆக்காதே. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், இந்த வேலையை விட்டுவிடு.

கதவைப் பற்றி என்னிடம் கேட்காதே.

அக்கா


ஜூன் 19

அக்கா,

பெட்டியைப் பற்றிப் படித்ததும் என் போனை எடுத்துச் சத்தத்தை அணைத்தேன். இன்னும் போடவில்லை.

ஆனாலும் உன்னோடு சண்டை பிடிக்கத்தான் போகிறேன். விசாரணை அறிக்கை நானூறு பக்கம். அதை அரசாங்க அலமாரியும் கரையானும் தவிர யார் படித்தார்கள்? உங்கள் முதலாளி பேரை மாற்றிக்கொண்டு வேறு ஊரில் கம்பெனி திறந்துவிட்டார். இயக்குநர் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கேயும் கதவுக்கு வெளியேதான் பூட்டு. இதைத் தாளில் எழுதினால் புரட்டிவிட்டுப் போவார்கள். இருட்டில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துக் காட்டினால், போட்டிருக்கும் சட்டையின் காலரை ஒரு தடவையாவது தொட்டுப் பார்ப்பார்கள். வலிக்கிறது என்பதற்காகக் காட்டாமலே விட்டால், வலி கொடுத்தவனுக்குத்தானே வசதி? நீ சொல்லும் வெங்காயப் படங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. எல்லாமே வெங்காயம் ஆகிவிடுமா?

இப்படியெல்லாம் வீராப்பாகப் போன வாரமே எழுதி வைத்தேன். தபாலில் போடுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. அதையும் சொல்லாவிட்டால் நான் உன் தம்பி இல்லை.

சனிக்கிழமை தீக் காட்சி எடுத்தார்கள். துணை நடிகைகள் முப்பது பேர். புகை எந்திரம், ஆரஞ்சு விளக்கு, எல்லாம் பொய். மூன்று தடவை எடுத்தும் இயக்குநருக்குத் திருப்தியில்லை. "பயம் கண்ணுல வரலையே" என்றார். நாலாவது தடவை, உள்ளே இருந்தவர்களிடம் சொல்லாமல் கதவை நிஜமாகவே வெளியே பூட்டச் சொன்னார். ஒரு நிமிஷம்தான். அதற்குள் ஒரு பெண் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டாள். அப்புறம் வந்த சத்தம் நடிப்பில்லை, அக்கா. நான் வெளியே காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறந்தபோது அந்தப் பெண் தரையில் கிடந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். இயக்குநர் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், அழக்கூடச் செய்தார். அழுது முடித்து என்னிடம் வந்து, "பதிவாகியிருக்கா?" என்று கேட்டார்.

பதிவாகியிருக்கிறது. நான் நிறுத்தவில்லை. கை பொத்தானில்தான் இருந்தது. நிறுத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை, சத்தத்தின் அளவு ஏறுகிறதா என்றுதான் கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது.

அந்த அலறலைத்தான் படத்தில் வைக்கச் சொல்கிறார். இன்னொன்று, அவர் வாயாடியின் அம்மாவைப் பார்க்க உங்கள் ஊருக்கு வரப்போகிறார். முதல் காட்சிக்கு அவரைக் கூப்பிட வேண்டுமாம். உன்னையும் பக்கத்தில் உட்காரவைத்து. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

தம்பி


ஜூன் 24

தம்பி,

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? அதை எழுதவே இல்லையே நீ. விசாரித்து எழுது. அவள் சத்தத்தை வைத்தாயென்றால் எனக்குத் தம்பியே பிறக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். இது மிரட்டல் இல்லை, நிஜம்.

உங்கள் இயக்குநர் அந்தம்மாவைப் பார்த்துவிட்டாரா? பார்க்கவில்லை என்றால் ஒரு மாதம் நிறுத்தி வை. எதையாவது சொல்லி நிறுத்து. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். எழுதாமல் இருக்க இரண்டு நாள் முயன்று பார்த்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? பூட்டிய கதவு, அலறல் என்று நீங்களாக எதையோ படம் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அலறல் இல்லை. முதலில் அலறலே இல்லை.

அந்தக் கதவு மரம். நடுவில் இரும்புத் தகடு அடித்திருக்கும். துணி திருட்டுப் போகிறது என்று வெளியே பூட்டுவார்கள். எனக்கு முட்டி வலி வந்து மெஷின் மிதிக்க முடியாமல் போனதும், சாவியைக் கொடுத்துப் படிக்கட்டில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மணி அடித்தால் மட்டும்தான் திறக்க வேண்டும். மணிக்கு நடுவே யாருக்கும் கழிப்பறை அவசரம் வரக்கூடாது என்பது சட்டம். உடம்பு சட்டத்தைக் கேட்குமா? நான்தான் ஓர் ஏற்பாடு செய்தேன். கதவைக் குத்தினால் கீழ் மாடியில் இருக்கும் சூப்பர்வைசருக்குக் கேட்டுவிடும். அதனால் நூல் வெட்டும் கத்தரியின் கைப்பிடிக் காதால், தகட்டில் படாமல் மரத்தில், மெதுவாக மூன்று தட்டு. தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் படிக்கட்டை எட்டிப் பார்த்து, ஆள் இல்லையென்றால் திறப்பேன். அவசரப்பட்டு நாலாவது தட்டு தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. "மூணு தட்டு, அப்புறம் இரு." இதை ஒவ்வொருத்திக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன். புதிதாகச் சேரும் பெண்ணுக்கு ஊசி கோக்கச் சொல்லித்தருவதற்கு முன்னால் இதைச் சொல்லித்தருவோம்.

அன்று காலையில் சூப்பர்வைசர் என்னை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார். இன்னொரு தடவை மணிக்கு முன்னால் கதவு திறந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார். நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய். எனக்கு வேலை வேண்டும்.

மத்தியானம், மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூன்று தட்டு கேட்டது. வாயாடிதான் என்று தெரியும். அவள் தட்டில் ஒரு தாளம் இருக்கும். தினமும் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து என்னோடு கதையளக்கிறவள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. "இருடி, வர்றேன்" என்றேன். எழுந்திருக்கவில்லை.

மறுபடி மூன்று தட்டு. அதே மாதிரி, மெதுவாக. கீழே சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் மூச்சுவிடாமல் இருந்தேன்.

மூன்றாவது முறையும் மூன்று தட்டு. எனக்கு எரிச்சல் வந்தது. என்னை மாட்டிவிடப் பார்க்கிறாளே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மாற்றி எழுத முடியாது. பிறகு கதவுக்கடியிலிருந்து புகை என் காலில் பட்டது. அதற்கப்புறம்தான் நீங்கள் படமெடுக்கிற சத்தமெல்லாம். அதற்கப்புறம்தான் நான் பாய்ந்து திறந்தது. பதினொரு பேர் வந்தார்கள். செய்தித்தாள்காரன் போட்டோ எடுத்தான்.

பிழைத்தவர்களில் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் என் காதருகே சொன்னாள். "வாயாடிதான்க்கா எங்களக் கத்த விடல. புகை கொஞ்சமாத்தான் இருக்கு, அக்கா இருன்னு சொல்லிட்டாங்க, வந்துருவாங்க, கத்தி அவங்கள மாட்டிவிடாதீங்கடின்னு சொன்னா." அந்தப் பெண் ஊரைவிட்டே போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

இதுதான் உன் கதாநாயகி. இந்தக் கையைத்தான் அந்தம்மா மடியில் வைத்துக்கொள்கிறார். படம் வந்தால் அவர் பார்ப்பார், அக்கா ஓடிவருவதைப் பார்த்து இன்னும் நம்புவார். அது ஒரு பயம். பிழைத்தவர்களில் யாராவது ஒருத்தி எழுந்து "இப்படி இல்லையே" என்று சொல்லிவிடுவாள். அது இன்னொரு பயம். எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை.

படித்ததும் கிழித்துவிடு.

அக்கா


ஜூலை 2

அக்கா,

கிழிக்கவில்லை. கிழிக்க முடியவில்லை.

நாலு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். ஒன்பது வருஷம் நீ இதைத் தனியாக வயிற்றில் கட்டிக்கொண்டு இருந்தாய் என்றா, அந்தப் பத்து நிமிஷத்துக்கா, என் படிப்புக்காக என்று ஒரு வரி எழுதினாயே அதற்கா, தெரியவில்லை. மூன்றுக்கும்தான் என்று வைத்துக்கொள். உனக்கு ஆறுதல் சொல்ல வருகிறது, பொய்யாகிவிடுமோ என்று வார்த்தையை விழுங்கிக்கொள்கிறேன். பூட்டு போட்டது நீ இல்லை. இது மட்டும் பொய்யில்லை.

மயங்கிய பெண்ணைப் போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறாள். ஆனால் குளிக்கும்போது கதவைச் சாத்த மாட்டேன் என்கிறாளாம், தங்கை காவல் நிற்கிறாளாம். அவள் சத்தத்தை அவள் கண்ணெதிரே அழித்தேன். இயக்குநரிடம் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் வந்து, "நல்ல வேளை. நானா அழிச்சிருக்க மாட்டேன்" என்றார். மோசமான மனுஷி இல்லை, அக்கா. நல்லது செய்கிற அவசரத்தில் கண் தெரியாமல் போகிற ஜாதி. உங்கள் ஊர்ப் பயணத்தை நிறுத்திவிட்டேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். பொய்யா அது?

இப்போது என் நிலைமையைக் கேள். என் ஒலி அறை உனக்குத் தெரியாது. சுவரெல்லாம் பஞ்சு. கதவு ஒரு சாண் கனம். வெளியே யார் தட்டினாலும் உள்ளே கேட்காது, உள்ளே தட்டினாலும் வெளியே கேட்காது. அதற்காகத்தான் அப்படிக் கட்டுகிறார்கள். ஏழு வருஷமாக அதற்குள்தான் சோறு தின்கிறேன். உன் கடிதம் வந்த பிறகு உள்ளே உட்கார முடியவில்லை. கதவிடுக்கில் என் செருப்பைச் சொருகி வைக்கிறேன். உதவிக்கு இருப்பவன் கேட்டான், "அண்ணே, காத்து வரலியா?" என்று. ஆமாம் என்றேன்.

ஒரு பலகையை நிறுத்திக் கத்தரியால் தட்டிப் பார்த்தேன். மெதுவாக மூன்று. காத்திருந்தேன். மறுபடி மூன்று. முப்பது பேர் அலறியதை முள்ளைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்தவன் நான். இந்த மூன்று தட்டுக்கு எழுந்து வெளியே போய்விட்டேன்.

படம் எடுக்கலாமா கூடாதா என்று இனி உன்னோடு வாதாடமாட்டேன், எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. எடுத்தால் இப்படித்தான் எடுக்க வேண்டும். நான் தட்டினால் அது தட்டாக இல்லை, எண்ணுகிற மாதிரி இருக்கிறது. நீ வந்து தட்டுவாயா? வராவிட்டாலும் நான் உன் தம்பிதான்.

தம்பி


ஜூலை 8

(தபால் அட்டை)

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அந்தம்மாவிடம் நாற்று வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தச் செருப்பை இடுக்கிலிருந்து எடுத்துவிடாதே.

அக்கா


ஜூலை 16

அக்கா,

சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய். டீ வாங்கிக்கொண்டு திரும்பினால் கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு ஆளைக் காணோம். பஸ் நிலையம் வரை ஓடினேன்.

உன் தட்டை இயக்குநருக்குப் போட்டுக் காட்டினேன். விளக்கை அணைக்கவில்லை, சன்னல் திறந்திருந்தது, பட்டப்பகல். மூன்று தட்டு, அமைதி, மூன்று தட்டு, அமைதி. நான் நிறுத்தியதும் அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "கத்துறதவிட இது பயமா இருக்கே. ஏன் மெதுவா தட்டுறாங்க?" என்றார். "யாரையோ மாட்டிவிடக் கூடாதுன்னு" என்று மட்டும் சொன்னேன். கதாநாயகி ஓடிவரும் காட்சியை நீக்கிவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார். கதவைப் படிக்கட்டுப் பக்கமிருந்து மட்டும் காட்டப் போகிறாராம். மூடிய கதவு, இந்தச் சத்தம், அவ்வளவுதான்.

ஆனால் நான் அவருக்கு முழுதும் போட்டுக் காட்டவில்லை. நான் டீ வாங்கப் போனபோது கருவியை நிறுத்த மறந்துவிட்டேன். மூன்றாவது தடவை தட்டிய பிறகு, ஆளில்லாத அறையில், நீ பேசியிருக்கிறாய். ரொம்ப மெல்லிய குரல். எலிக்காது என்பதால் எனக்குக் கேட்டது.

"இருடி, வர்றேன்."

அதற்கப்புறம் நாற்காலி நகரும் சத்தம். நீ எழுந்து போய்க் கதவைத் திறக்கும் சத்தம்.

இதைக் கேட்டது நான் ஒருவன்தான். அழி என்று ஒரு வார்த்தை எழுது, அழித்துவிடுகிறேன். ஒருத்தருக்கும் தெரியாது. வை என்றால் படத்தில் அந்தக் குரல் இருக்கும், உள்ளே இருப்பவர்கள் ஏன் காத்திருந்தார்கள் என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். குரலை வைத்து உன்னை அடையாளம் காண்பவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் யார் என்று உனக்குத் தெரியும். இதை நான் முடிவு செய்ய மாட்டேன். ஒரு தடவை பொத்தானில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது போதும்.

தம்பி


ஜூலை 23

தம்பி,

அழிக்காதே.

உன் கடிதத்தை நாற்றுப் பாத்தி நடுவே நின்று படித்தேன். பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். அந்தக் குரலை இருட்டில், அந்நியர்கள் நடுவே, ஒரு திரையிலிருந்து அந்தம்மா கேட்கக் கூடாது. அதற்கு முன்னால் என் வாயால் கேட்க வேண்டும். இதை முடிவு செய்ய மூன்று நாள் ஆனது. போவதற்குக் கால் வர இன்னும் ஒரு நாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவர் வருவதற்கு முன்னால் நான் போய்விட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை, அவர்தான் வருவார். கதவு சாத்தியிருந்தது. திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை தெருமுனை வரை நடந்தேன். கடைசியில் தட்டினேன். கை பழக்கத்தில் மூன்று தட்டுதான் தட்டியது. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"இரு, வர்றேன்."

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், தம்பி. எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. அவருக்கும் முட்டி வலி. எழுந்து வர நேரமானது. நான் நின்றேன்.

உள்ளே போய் உட்காராமலே சொன்னேன். தட்டு, சூப்பர்வைசர், நான் சிரித்தது, எரிச்சல்பட்டது, ஒன்றையும் விடவில்லை. என் கையை அவர் தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பில் ஏதோ தீய்ந்தது, நான்தான் போய் அணைத்தேன்.

நான் திரும்பி வந்ததும், "எத்தன தடவ தட்டுனா?" என்று கேட்டார்.

"மூணு தடவம்மா."

"கத்தலையா?"

"மொதல்ல கத்தல. மத்தவங்களையும் கத்த விடல."

"வாயாடின்னு ஊரெல்லாம் பேரு வாங்கினவ" என்றார். "வாயத் தொறக்க வேண்டிய நேரத்துல மூடிக்கிட்டாளே, பாவி மவ." அப்புறம் அழுதார். ஒன்பது வருஷமாக அவர் என் எதிரே அழுததில்லை. நான் கிட்டே போகலாமா என்று தெரியாமல் நின்றேன்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "நீ இனிமே வராத" என்று சொல்லிவிடுவாரோ என்று செருப்பை மாட்டாமல் நின்றேன். "அந்தப் படம் எப்போ?" என்றார். தெரியாது என்றேன். "வந்தா என்னையும் கூட்டிட்டுப் போ. தனியாப் பாக்க எனக்குப் பயமா இருக்கு" என்றார். எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். வாசல் வரை வந்தார். கதவைச் சாத்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்று தெரியாது. அந்த நாளை நினைத்தாலே பயமாக இருக்கிறது. படம் எடுக்கலாமா என்று கேட்டால் இன்றும் என்னிடம் பதிலில்லை. பொய்யாக எடுத்தாலும் பயம், நிஜமாக எடுத்தாலும் பயம். நிஜத்தின் பயத்தில் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது, அவ்வளவுதான்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் இருவருக்கும் கதவோரத்து இருக்கையாகப் பார்த்து வை. படம் போடுவதற்கு முன்னால் நீயே போய் அந்தத் தியேட்டரின் எல்லாக் கதவையும் ஒருமுறை உள்ளேயிருந்து தள்ளிப் பார். ஒன்றுகூடப் பூட்டியிருக்கக் கூடாது. பிறகு நீ உள்ளே வராதே. படம் முடிகிறவரை வெளியே கதவுப் பக்கத்திலேயே நில். நாங்கள் தட்டினால் உடனே திற.

அக்கா